கொட்டகையில் நிற்கும் காரும் அத்தாவின் விடுமுறையும்



நைனார்பாளையத்திலும் அதனைச் சூழ்ந்த சின்னசேலம் வட்டத்து ஊர்களிலும் பழைய ஓட்டு வீடுகளின் பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தால், மக்காச்சோளத் தட்டைப் போருக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் இடையே தார்ப்பாய் போர்த்திய ஓர் உருவம் சில வீடுகளில் நிற்கக் காணலாம். தார்ப்பாயை விலக்கினால் உருண்டை முகமும் தடித்த தகடுமாக ஓர் அம்பாசிடர் கார். ஒரு காலத்தில் மாப்பிள்ளையை ஊர்வலமாக ஏற்றிச் சென்றது அதுதான். நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்ணை, எந்தத் தெருக்காரர் என்று கேளாமல் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டு சேர்த்ததும் அதுதான். இன்று அதன் பின் இருக்கையில் கோழி முட்டையிடுகிறது.

மார்க்க விஷயங்களை எழுதும் இடத்தில் காரைப் பற்றி எதற்கு என்று வாசகர்கள் எண்ணலாம். அண்மையில் நம்மிடம் வந்த கேள்வியே காரணம். வளைகுடா நாட்டிலிருந்து இரண்டு மாத விடுமுறையில் வந்திருந்த சகோதரர் ஒருவர், இஷா தொழுகைக்குப் பின் நம்மைத் தனியே அழைத்துப் பேசினார். அவருடைய மறைந்த தந்தையாரின் அம்பாசிடர் பதினோர் ஆண்டுகளாக ஓடாமல் நிற்கிறது. பதினைந்து வயது மகன் அதைச் சரிசெய்ய வேண்டும் என்று விரும்புகிறான். உறவினர்களோ, அதைக் காயலான் கடைக்குப் போடாமல் பணத்தைக் கொட்டுவது வீண் விரயம் என்கின்றனர். இது இஸ்ராஃப் ஆகுமா, ஹஜ்ரத்? இதுவே அவர் கேட்டது.

ஆகுமானது என்று ஒற்றைச் சொல்லில் விடையளித்திருக்கலாம். ஆயினும் அவருடைய கேள்விக்குள் பணத்தைவிடப் பெரிய ஒன்று இருந்தது. நம் ஊர்களில் எத்தனையோ இல்லங்களின் நிலை அதுவாதலால், விரிவாகவே எழுதுகிறோம்.

நம் சமுதாயத்துத் தந்தையரில் கணிசமானோர் பொருளீட்டும் பொருட்டுச் சவூதி, குவைத், துபை, மலேசியா என்று பிரிந்து வாழ்கின்றனர். வெளிநாடு செல்லாதவர்களும் சென்னையிலோ பெங்களூரிலோ கடை வைத்துக்கொண்டு பெருநாளுக்குப் பெருநாள் வருகின்றனர். அவர்கள் பிள்ளைகளுக்கு எதிலும் குறை வைப்பதில்லை. ஆனால் தொலைபேசியில் தந்தையும் மகனும் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறீர்களா? தொழுதாயா, படித்தாயா, எவ்வளவு மதிப்பெண், சரி, அம்மாவிடம் கொடு. நான்கு கேள்விகளில் உரையாடல் முடிந்துவிடுகிறது. இப்படிப் பத்தாண்டுகள் கழிந்தபின் தந்தை ஊருக்கு வந்து நிற்கும்போது, எதிரே இருப்பவன் தம் தோள் உயரம் வளர்ந்த ஓர் அந்நியன். தந்தை அவனுக்கு உபதேசம் செய்யத் தொடங்குகிறார். அவன் கைப்பேசிக்குள் தலையைக் கவிழ்த்துக்கொள்கிறான். இருவர்மீதும் குற்றமில்லை. பேசுவதற்கு அவர்களுக்கிடையே ஒரு பொருள் இல்லை, அவ்வளவே.

இவ்விடத்தில் இப்ராஹீம் (அலை) அவர்களின் வரலாற்றை நினைவூட்ட விரும்புகிறோம். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்க, ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள நீண்ட செய்தி அது. குழந்தை இஸ்மாயீலையும் அன்னை ஹாஜரையும் மக்காவில் விட்டுச்சென்ற இப்ராஹீம் (அலை) அவர்கள், மகன் வளர்ந்து திருமணமும் முடித்த பின்னர் ஒருமுறை தேடி வந்தார்கள். மகன் வீட்டில் இல்லை, வேட்டைக்குச் சென்றிருந்தார். மற்றொரு முறை வந்தார்கள். அப்போதும் மகனைக் காணவில்லை. மூன்றாம் முறை வந்தபோது, ஸம்ஸம் கிணற்றருகே ஒரு மரத்தடியில் அமர்ந்து இஸ்மாயீல் (அலை) அவர்கள் அம்பு சீவிக்கொண்டிருந்தார்கள். தந்தையைக் கண்டதும் எழுந்தார்கள். பிரிந்திருந்த தந்தையும் மகனும் எவ்வாறு சந்தித்துக்கொள்வார்களோ அவ்வாறே சந்தித்துக்கொண்டார்கள்.

அதன்பின் நடந்ததைக் கவனியுங்கள். அல்லாஹ் தமக்கு ஒரு பணியை ஏவியிருப்பதாகத் தந்தை சொன்னார்கள். இறைவன் ஏவியதைச் செய்யுங்கள் என்றார் மகன். எனக்கு நீ உதவுவாயா என்று தந்தை கேட்டார்கள். உதவுவேன் என்றார் மகன். மகன் கல் எடுத்துக் கொடுக்க, தந்தை சுவர் எழுப்ப, கஅபா உயர்ந்தது. சுவர் கைக்கெட்டாத உயரத்துக்கு வந்ததும், தந்தை ஏறி நின்று கட்டுவதற்கு ஒரு கல்லைக் கொண்டுவந்து வைத்ததும் மகனே.

ஒரு நபி மற்றொரு நபியிடம் உதவி கேட்கிறார்கள் என்பதை மட்டும் நாம் இதில் பார்க்கவில்லை. நெடுநாள் பிரிந்திருந்த தந்தை தம் மகனிடம், எனக்கு நீ தேவைப்படுகிறாய் என்று சொல்கிறார்கள். நம் தந்தையர் பிள்ளைகளிடம் அரிதாகவே சொல்லும் சொல் அது. இறையில்லத்துக்கு ஒரு பழைய காரை ஒப்பிடுவதாக யாரும் எண்ண வேண்டாம், நஊது பில்லாஹ். தந்தையும் மகனும் தோளோடு தோள் நின்று ஒரு காரியம் செய்வது நபிமார்களின் வாழ்விலேயே உள்ளது என்பதை மட்டுமே கூறுகிறோம்.

இனி அந்தக் கார். 1958 முதல் 2014 வரை மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் உற்பத்தி செய்த அம்பாசிடர், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற காரின் மறுபிறவி. நம் மாநிலத்திலேயே, சென்னைப் புறநகரில் வண்டலூரை அடுத்த ஆலையில், 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற அழகிய சிறு கார் செய்யப்பட்டது. அதன் முன்மூடி பக்கத் தகடுகளோடு சேர்ந்து ஒரே துண்டாக முன்புறம் சாயும். உள்ளே அமர்ந்துகொண்டே எஞ்சினைப் பழுது பார்க்கலாம். கோவைக்குச் செல்பவர்கள் அவிநாசி சாலையிலுள்ள ஜி.டி. நாயுடு குழுமத்தின் கார் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். இத்தகைய பழைய கார்களின் சிறப்பு, அவற்றின் உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியும் என்பது. இன்றைய கார் பழுதானால் கணினியைச் சொருகித்தான் நோயறிய வேண்டும். அம்பாசிடரின் மூடியைத் திறந்தால் நான்கு பிளக், ஒரு டிஸ்ட்ரிபியூட்டர், ஒரு கார்பரேட்டர், ரேடியேட்டர். பெட்ரோல் எங்கிருந்து வருகிறது, பொறி எங்கே பிறக்கிறது என்பதை விரலால் தொட்டுக் காட்டிவிடலாம். பத்தாம் வகுப்பு அறிவியலில் வரைந்து மனனம் செய்தது எதிரே வந்து நிற்கிறது.

ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியில் வேலை எங்கே தொடங்குகிறது? பையன்கள் எல்லோரும் முதலில் எஞ்சின் உறுமுவதைக் கேட்க ஆசைப்படுவார்கள். நாம் விசாரித்த மெக்கானிக்குகளோ பிரேக்கில் தொடங்கச் சொல்கின்றனர். நிற்கத் தெரியாத வண்டியை ஓடவைத்து என்ன பயன்? மாஸ்டர் சிலிண்டரிலுள்ள ரப்பர் வாஷர்கள் இறுகிப் போயிருக்கும். சக்கரத்துச் சிலிண்டர்கள் துரு ஏறிப் பிடித்திருக்கும். அடுத்தது பெட்ரோல் டேங்க். பழைய பெட்ரோல் பிசினாகி வார்னிஷ் நாற்றம் வீசும். அதைக் கழற்றிக் கழுவ வேண்டும். இன்று விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருப்பதால், பழைய ரப்பர் குழாய்களை அப்படியே விட்டுவிடக் கூடாது. எஞ்சின் இறுகியிருந்தால் அவசரப்பட்டு பேட்டரியை இணைத்து ஸ்டார்ட்டரைச் சுழற்றக் கூடாது. பிளக்குகளைக் கழற்றி, துளைகளின் வழியே எண்ணெய் விட்டு, சில நாட்கள் ஊறவைத்து, கையால் மெல்லத் திருகிப் பார்க்க வேண்டும். வயரிங் எலி கடித்த நிலையில்தான் இருக்கும். உதிரி பாகங்களுக்குச் சென்னைப் புதுப்பேட்டை இருக்கிறது. அங்கே கடை கடையாக ஏறி இறங்கி விலை பேசுவதும் ஒரு பாடம்தான்.

ஊறவைத்துக் காத்திருக்கும் அந்தச் சில நாட்கள்தாம் நம் பார்வையில் மிக மதிப்பு வாய்ந்தவை. வண்டிக்கடியில் இருவரும் மல்லாந்து படுத்திருக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. பன்னிரண்டாம் எண் ஸ்பேனரை எடு என்கிறார் தந்தை. எடுத்துக் கொடுத்துவிட்டு, பள்ளியில் நடந்த ஒன்றைப் பையன் சொல்கிறான். எதிரே நிறுத்தி விசாரித்தால் வாயே திறக்காதவன், போல்ட்டைக் கழற்றும்போது தானாகப் பேசுகிறான். நம் மதரஸாவில் ஓதும் மாணவன் ஒருவன் இதற்குச் சாட்சி. கேட்டதற்குத் தலையசைப்பதோடு சரி என்றிருந்தவன், ஒருநாள் நகக்கண்ணில் கரியோடு வந்து, "எங்க அத்தாவுக்கு கார்பரேட்டர் பிரிக்கத் தெரியும் ஹஜ்ரத், இவ்வளவு நாளும் எனக்குத் தெரியாது" என்றான். அவன் தம் தந்தையைப் பற்றி நம்மிடம் சொன்ன முதல் வாக்கியம் அதுவே.

இதில் தந்தையர்க்கு ஒரு சோதனையும் உண்டு. பையன் ஸ்க்ரூவை மறை கழல விடுவான். கழற்றிய வாஷரைத் தொலைப்பான். கார்பரேட்டரைக் கீழே போடுவான். அப்போது வாயிலிருந்து என்ன வருகிறது? அனஸ் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது தொடங்கிப் பத்தாண்டுகள் நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். அந்தப் பத்தாண்டில் ஒருமுறைகூடத் தம்மைச் சீ என்று சொன்னதில்லை, ஏன் இப்படிச் செய்தாய் என்று கடிந்ததில்லை என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள். நாற்பது ரூபாய் வாஷருக்காகப் பிள்ளையின் மனத்தை உடைப்பவர், காரைத் தொடாதிருப்பதே நல்லது.

மற்றொரு பேச்சையும் கேட்கிறோம்: பிள்ளையை மெக்கானிக் ஆக்கப் போகிறீர்களா? இதை ஏளனமாகக் கேட்போர், இரும்பைப் பற்றிக் குர்ஆன் பேசும் இடத்தை ஓத வேண்டும். தாவூத் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை இளக்கிக் கொடுத்தான். கவசங்களின் வளையங்களை அளவு பிசகாமல் செய்யுமாறு ஏவினான். அரசராக இருந்த அந்த நபி தம் கையால் உழைத்து உண்டார்கள் என்பது ஹதீஸ். ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சர். நம் பெருமானார் (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்துக்கொண்டார்கள். நம் ஊர்களில் வெல்டிங் பட்டறையும் லேத் பட்டறையும் நடத்திப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் எத்தனை பேர்! அந்தப் பிள்ளைகள் பட்டம் பெற்றதும் தந்தையின் கரிபடிந்த சட்டையைப் பார்த்துக் கூசுகின்றனர். அக்கூச்சத்தை வளர்த்தவர்கள் நாமே. பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல்: தந்தையோடு தம் வீட்டு முற்றத்தில் வயரிங் பிரித்துப் பார்க்க மகள் விரும்பினால், அது ஆண்களின் வேலை என்று தள்ளிவிடாதீர்கள். மார்க்கம் அப்படி எதையும் சொல்லவில்லை.

இப்போது பலர் நினைத்துப் பார்க்காத ஒன்றுக்கு வருவோம். அந்தக் கார் யாருடையது? பாட்டனார் பெயரில் ஆர்.சி. புத்தகம் இருக்கிறது, அவர் காலமாகிவிட்டார். வீட்டில் இருப்பவர் அதைத் தமது என்று கருதுகிறார். அவ்வாறு அல்ல. மையித்தின் அடக்கச் செலவும் கடனும் மரண சாசனமும் போக எஞ்சும் ஒவ்வொரு பொருளும் வாரிசுகள் அனைவருக்கும் உரியது. பாட்டியாருக்கு அதில் பங்கு உண்டு. கட்டிக்கொடுத்துப் பெரம்பலூரிலோ ஆத்தூரிலோ வாழும் அத்தைமாருக்கும் உண்டு. துருப்பிடித்த காருக்கு என்ன பங்கு என்று சிரிக்க வேண்டாம். இன்று காயலான் கடை விலைதான். நாளை பளபளவென்று நின்றால் லட்சக்கணக்கில் கேட்பார்கள். அப்போது மனக்கசப்பு பிறக்கும். எனவே முதல் ஸ்பேனரைத் தொடும் முன்பே, இப்போதைய நிலையில் அதன் விலையை இரண்டு பேரிடம் கேட்டு, ஒவ்வொருவர் பங்கையும் கொடுத்துவிடுங்கள். அல்லது அவர்கள் மனமுவந்து விட்டுக்கொடுப்பதை எழுதி வாங்குங்கள். பருவமடையாத வாரிசு இருந்தால் அவர் பங்கை யாரும் விட்டுக்கொடுக்க முடியாது. அத்தை வீட்டுக்குப் பணத்தோடு போகும்போது மகனையும் கூட்டிச் செல்லுங்கள். ஃபராயிள் சட்டத்தை நாம் மதரஸாவில் ஓராண்டு நடத்தினாலும் அந்த ஒருநாள் பயணம்போல் பதியாது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும், உரிமையாளர் இறந்தபின் வாரிசுக்குப் பெயர் மாற்ற 31 ஆம் எண் படிவம் கொடுக்க வேண்டும். மற்ற வாரிசுகளின் சம்மதமும் கேட்பார்கள்.

செலவுக்கு வருவோம். வரம்பு மீறாமலும் கைகளை இறுக்கிக்கொள்ளாமலும் இடைப்பட்ட நிலையில் செலவிடுவோரைக் குர்ஆன் புகழ்கிறது. அந்த இடைநிலை ஒவ்வொரு வீட்டுக்கும் வேறு. கடமையான ஹஜ் நிலுவையில் இருக்க, அக்காவின் கடன் கொடுபடாமல் இருக்க, காருக்குக் கண்ணாடி போல் பெயிண்ட் அடிப்பது தவறு. வட்டிக்கு வாங்கிச் செய்வது ஹராம். அதில் பேச்சே இல்லை. மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையை வகுத்து, கணக்கை மகனையே எழுதச் சொல்லுங்கள். பணம் தீர்ந்தால் வேலை நிற்கட்டும். பதினோர் ஆண்டு நின்ற வண்டி இன்னும் நான்கு மாதம் நிற்பதால் ஒன்றும் கெடாது. இத்தகைய வேலை சில மாதங்களில் முடியாது, பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகள் இழுக்கும் என்பதையும் அறிந்தே இறங்க வேண்டும். சொந்த உபயோகத்துக்கான காருக்கு ஸகாத் இல்லை. விற்று லாபம் பார்க்கும் எண்ணத்தோடு விலைக்கு வாங்கினால் அது வியாபாரப் பொருளாகிவிடும். ஸகாத் கணக்கில் வரும்.

விற்பவர்களுக்கு இன்னொன்று. ஓட்டை விழுந்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைப்பதே முறை. ஆனால் துருவின் மேலேயே பட்டி பூசி, உப்புத்தாள் தேய்த்து, பெயிண்ட் அடித்துவிட்டால் ஆறு மாதத்துக்கு யாருக்கும் தெரியாது. ஒருநாள் நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். மேலே உலர்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாக இருந்தது. மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். பட்டிக்குள் துருவை மறைப்பதும் அந்தக் குவியல்தான். தந்தை எந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதை உப்புத்தாளைக் கையில் பிடித்தபடி மகன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

வேலை மும்முரத்தில் தொழுகை தவறக் கூடாது. பாங்கு சொன்னதும் கருவிகளைக் கீழே வைத்துவிட வேண்டும். கையில் திட்டாகப் படிந்த கிரீஸும், காய்ந்த பெயிண்டும், ஒட்டுப் பசையும் தோலில் நீர் படுவதைத் தடுக்கும். அவற்றை நீக்காமல் ஒளூ கூடாது. மண்ணெண்ணெயும் மரத்தூளும் சோப்பும் கொண்டு தேய்த்தால் போய்விடும். கிரீஸை நீக்கிய பின் தங்கும் கறையும் நிறமும் குற்றமில்லை. கரி படிந்த விரல்களோடு பள்ளிவாசலுக்கு வரும் பிள்ளையை யாரும் முகம் சுளித்துப் பார்க்க வேண்டாம் என்று ஜமாஅத்தாரையும் கேட்டுக்கொள்கிறோம்.

உயிர் அல்லாஹ்வின் அமானிதம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் நுழையக் கூடாது. தடித்த மரக்கட்டையோ இரும்பு ஸ்டாண்டோ முட்டுக்கொடுத்து, அசைத்துப் பார்த்த பிறகே நுழைய வேண்டும். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கக் கூடும். அந்தத் தூசியை வாயால் ஊதாதீர்கள், முகக்கவசம் அணிந்து ஈரத்துணியால் துடையுங்கள். பெட்ரோல் டேங்க் திறந்திருக்கும் இடத்தில் பீடியோடு வந்து நிற்கும் பெரியவர்களை, மரியாதை குறையாமல் அப்பால் அனுப்பிவிடுங்கள்.

காகித விஷயங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கு. பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பரிசோதனை செய்து புதுப்பிக்க வேண்டும். 50 ஆண்டு கடந்து, பெரிய மாற்றம் ஏதுமின்றி மூல வடிவில் உள்ள வண்டிகளுக்கு 2021 இல் மத்திய அரசு தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. பதிவெண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும், புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டுகள் செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த காரைக் கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாம். ஜும்ஆவுக்கும் சந்தைக்கும் ஓட்ட விரும்புவோர் வழக்கமான புதுப்பித்தலையே செய்துகொள்ள வேண்டும்.

கடைசியாக, தந்தையர் வழுக்கி விழும் இடம். வண்டி ஓடத் தொடங்கிய அன்று, இத்தனை நாள் உழைத்த பிள்ளை சாவியைக் கேட்பான். வயல் பாதைதானே, ஒரு சுற்றுதானே என்று மனம் இளகும். 18 வயது நிறையாதவர் காரை ஓட்டினால், 2019 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. சட்டத்தை விடுங்கள், குறுக்கே வரும் அடுத்த வீட்டுக் குழந்தைக்கு யார் பதில் சொல்வது? ஆகவே கேள்வி கேட்ட சகோதரரிடம் நாம் சொன்னது இது: முதல் ஸ்பேனரைத் தொடும் அன்றே இதை மகனிடம் பேசி முடித்துவிடுங்கள். 18 வயது வரை அவன் இடப்பக்க இருக்கையில் அமரட்டும். நீங்கள் விமானம் ஏறியபின் பேட்டரியின் இணைப்பைக் கழற்றி வைப்பதும், வாரம் ஒருமுறை டயர்க் காற்றைப் பார்ப்பதும், கணக்கு நோட்டை எழுதுவதும் அவன் பொறுப்பு. சாவி அவன் அம்மாவிடம் இருக்கட்டும். நீங்கள் போனில் அழைக்கும்போது மதிப்பெண்ணைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். முதலில் வண்டி எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.